மண்சாமி வேண்டாமென்ற சீட்டுக்கட்டு

ஐந்தாவது முறையாகக் கோயிலுக்குத் தெருவைக் கடக்கும்போது சின்மெய்க்கு மூச்சு வாங்கியது. குறி பார்க்கும் டாரோ சீட்டுகள் விற்கிற கடைக்கு நேர் எதிரே, வட்டாரத்தைக் காக்கும் மண்சாமியின் கோயில். கடையில் ஒரு சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். பிடித்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமிக்குக் காட்டி, அங்கே இருக்கும் பிறை வடிவச் சிவப்பு மரத்துண்டுகள் இரண்டையும் தரையில் வீசுவாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார், பதில் இல்லை. இதுவரை மூன்று மறுப்பு, ஒரு சிரிப்பு. சிரித்தது, ராஜா ராணியெல்லாம் பூனைகளாக இருந்த கட்டைப் பார்த்து. அவரைக் குறை சொல்ல முடியாது.

தைனான் நகரில் இருபது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். இப்போது தங்கை யூஷானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அக்காவுடையது பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கொடுக்கலாமா என்று போன வாரமே சாமியைக் கேட்டாள். மூன்று வீச்சு, மூன்றும் சம்மதம். அப்படியும் பயம் விடவில்லை. சாமி சொல்லியும் பயப்படுகிறோமே என்ற வெட்கத்தில் தங்கையிடம் வாயே திறக்கவில்லை.

"அதான் சாமி இருக்காரே, சீட்டு எதுக்கு ஆன்ட்டி?" என்று கடைக்கார ஆ-காய் முதலிலேயே கேட்டிருந்தான்.

"அவரு சரி, இல்லன்னு ரெண்டுதான் சொல்லுவாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டா சிரிக்கிறாரு."

"குறி பாக்கவா, தியானத்துக்கா?"

"ரெண்டுக்கும் வேற வேறயா?"

"பின்ன? குறிக்குன்னா பாத்த உடனே பேசுற படம் வேணும். எதிர்ல ஆளு காத்துக்கிட்டு இருக்கும்ல? தியானத்துக்குப் பேசாத படம். காலையில ஒரு சீட்டை எடுத்து வச்சு, கால் மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு இருக்கணும். சலிக்கக் கூடாது."

"அப்ப எனக்குப் பேசாததே குடு. பேசுறவங்க வீட்லயே நெறய பேரு."

ஐந்தாவது கட்டு உள்ளூர்க்காரர் ஒருவர் வரைந்தது. கோப்பைச் சீட்டுகளில், கோப்பைக்குள் பால்கெண்டை மீன்கள் நீந்தின. அதில் ஒரு சீட்டில், லோங்கன் பழமரத்தின் கிளையில் ஒரு காலால் தலைகீழாகத் தொங்கினாள் ஒரு பெண். முகத்தில் பயம் என்பதே இல்லை. இவளால் எப்படி முடிகிறது? தெருவைக் கடக்கும்போதும் சின்மெய்க்கு அதே யோசனைதான். பின்னால் ஸ்கூட்டர்காரன் திட்டியது காதில் விழவில்லை.

பிறைகளை வீசினாள். இரண்டும் குப்புற. மறுபடி வீசினாள், அப்படியே. மூன்றாவது முறையும் சாமி கை விரித்துவிட்டார்.

"என்ன சொல்றாரு?" என்றான் ஆ-காய், அவள் திரும்பி வந்ததும்.

"வேண்டாங்கிறாரு."

"சரி, வேற எடுக்கவா?"

"இல்ல. இதையே குடு."

ஆ-காய் கோயிலை எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, அவரு வேண்டாம்னதை வித்துட்டு எதுத்தாப்புல நான் எப்படிக் கடை நடத்துறது?"

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாரு. நான் பேசிக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே ஆச்சரியம். வீடு, வேன், கல்யாணம் எதிலும் அவள் மண்சாமியின் பேச்சைத் தட்டியதில்லை. இன்று தட்டிவிட்டாள். கூரை இடிந்து தலையில் விழவில்லை. ஆ-காய் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இதில் அவரை மீற முடிந்தால் அதிலும் மீறலாம். கொடுக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லலாம். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பயம் போகவில்லை. அதோடு யூஷானின் வீங்கிய முகமும் கண்முன் இருந்தது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆ-காய் தேநீர் வைத்துவிட்டு நகர்ந்தான்.

பிறகு போனை எடுத்தாள்.

"என்னக்கா, இந்நேரத்துல? வேன் எடுக்கலையா?"

"வெள்ளிக்கிழமை நான் வந்து கையெழுத்துப் போடறேன்டி."

யூஷான் மெதுவாகக் கேட்டாள். "சாமிகிட்ட கேட்டியா?"

"அவரு போன வாரமே சரின்னுட்டாரு. நான் இப்பதான் சொல்றேன்."