மடியில் ஏறிய பட்டறை

உடைந்த சக்கர நாற்காலிகள் மூன்றைப் பிரித்தால் நல்லதாக இரண்டு தேறும். ஒன்றில் சக்கரம் வளைந்திருக்கும், இன்னொன்றில் பிரேக் பிடிக்காது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். அவள் நடத்திய பட்டறையில் நாற்காலி இலவசம்தான். ஆனால் வாங்கியவர் அடுத்தவருக்கு ஒன்றைச் சரிசெய்து கொடுத்தாக வேண்டும்.

தன் வீட்டுக் கீழ்த்தளத்தை அதற்கு விட்டிருந்த அவளுடைய பெரியப்பா, ஒருநாள் புகைப்படக்காரரோடு வந்து நின்றார்.

"எல்லாரையும் வரிசையா நிறுத்தும்மா. என் கையால வாங்குற மாதிரி ஒரு படம்."

"இங்க யாரும் கையேந்துறதில்ல பெரியப்பா. ஸ்பேனர் தரேன், உக்காந்து ஒரு சக்கரம் மாட்டுங்க. அதைப் படம் எடுக்கட்டும்."

"என் இடத்துல எனக்கே வேலை வைக்கிறியா? காலி பண்ணு!"

அவள் வாய் திறப்பதற்குள், அங்கே நாற்காலி வாங்க வந்து அதில் அமர்ந்திருந்த தையல்காரர் ஒருவர் கருவிப்பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கிளம்பும்மா. நமக்குத்தான் சக்கரம் இருக்கே!"

ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சுமை ஏறியது. எதிர்ப்பக்க மரநிழலில், பெரியப்பாவின் வாசலைப் பார்த்தபடி, பட்டறை மறுபடி விரிந்தது.

"உங்களுக்குன்னு ஒரு ஸ்பேனரை எடுத்து வச்சிருக்கேன் பெரியப்பா!" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள்.