பதினொரு விநாடிச் சிரிப்பு

தொழில் என்ன என்று கேட்டால் ஒலிப்பதிவாளர் என்பேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் நான் சிரிப்பு வைக்கிறவன்.

எங்கள் தொலைக்காட்சியில் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் வந்து அரசியலைக் கிண்டல் செய்வார். ஆறு வருடமாக ஒரே கோட்டுதான் போடுகிறார் என்பதால் அவருக்குக் கோட்டு என்றே பெயர். பதிவு பகலில் நடக்கும். எதிரே முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆரம்பத்தில் அவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் கேலிப்படம் போட்டவரை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். சும்மா பேசிவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்களாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அந்த வாரத்திலிருந்து முப்பது பேரும் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டார்கள். கைதட்டலில் யார் கை என்று கண்டுபிடிக்க முடியாது. சிரிப்பில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே சிரிப்பை நான் வைத்தேன். விலைக்கு வாங்கிய சிரிப்பு ஒலித்தட்டு ஒன்று நிலையத்தில் இருந்தது. முகம் தெரியாத யாரோ, எப்போதோ, எதற்கோ சிரித்த நாற்பது நிமிடம். சுமாரான ஜோக்குக்கு இரண்டு விநாடி. கோட்டே சிரித்துவிட்ட ஜோக்குக்கு நான்கு. சிரிப்பை எடுத்துவிட்டுக் கேட்டால் அந்த நிகழ்ச்சி இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கும்.

"அவர் பண்றது நெஜமாவே சிரிப்பா இருக்குமா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். "பின்ன, மக்கள் என்ன சும்மாவா சிரிக்கிறாங்க?" என்பேன். மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், இல்லை. அமைச்சரின் தொப்பை, அமைச்சரின் தலைச்சாயம், மறுபடியும் தொப்பை. ஆறு வருடத்தில் என் உதடு ஒரு தடவைகூடப் பிரிந்ததில்லை. சமையல்காரனுக்குப் பசிக்காது என்பார்களே, அப்படி என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு புதன்கிழமை, கோட்டுக்கு எழுதிக் கொடுக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கோட்டிடம் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் அன்றைய செய்தித்தாளை எடுத்து, இடிந்து விழுந்த பாலத்தைப் பற்றி அமைச்சர் அவையில் கொடுத்த விளக்கத்தை அப்படியே வாசித்தார். "பாலம் இடிந்து விழவில்லை. குறித்த காலத்துக்கு முன்பாகவே தன் சேவையை நிறைவு செய்திருக்கிறது. ஆற்றின் இரு கரைகளும் பாதுகாப்பாக உள்ளன."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு, டீ மூக்கு வழியாக வந்தது. இரு கரைகளும் பாதுகாப்பாக உள்ளன! மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். அந்த ஆனந்தத்தில்தான் புத்தி பிசகியது. இப்படிப்பட்ட ஒரு வாசகத்துக்குத் தட்டுச் சிரிப்பை வைப்பதா? விருந்தாளிக்குப் பழையதைச் சூடு பண்ணிப் போடுவது மாதிரி அல்லவா!

என்னிடம் 'வீடு' என்று ஒரு பதிவு இருந்தது. நான்கு வருடம் முன்பு புது மைக் ஒன்றைச் சோதிக்க வீட்டுக்குக் கொண்டுபோய், உயரத்தில் பிடித்துப் பார்ப்போமே என்று பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினேன். நாற்காலியின் கால்கள் நான்கும் நான்கு திசைக்குப் போயின. மைக்குக்கு அடிபடக்கூடாது என்று அதை வெற்றிக்கோப்பை மாதிரித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நான் தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மனைவி, அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால், பதினொரு விநாடி சிரித்தாள். முதலில் ஒரு மூச்சு உள்ளே போகும். அப்புறம் படிக்கட்டில் பாத்திரங்கள் உருளுகிற சத்தம். கடைசியில் ஒரே ஒரு விக்கல். அதைத்தான் பாலத்துக்குப் பின்னால் வைத்தேன். வெட்டாமல், முழுசாக.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அவள். அரசு வேலை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்து டிவில யாரோ உன்ன மாதிரியே சிரிச்சாங்கடின்னு பக்கத்து சீட்டு அக்கா சொல்றாங்க. நாலு பேருக்கு முன்னாடி."

"ஒலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்களாமே" என்றேன்.

"விக்கலோடயா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அக்காவோட வீட்டுக்காரர் எங்க வேல பாக்கறார்னு தெரியும்ல?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். தெரியும். யாரும் சத்தமாகச் சொல்லாத இலாகா.

ஒன்பதாம் நாள் அந்த இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. 'சிரித்தவர்களின் விவரங்களுடன்' நேரில் ஆஜராக வேண்டும் என்றிருந்தது. கோட்டின் அறைக்கு ஓடினேன்.

"அண்ணே, நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"எழுதியே குடுத்துட்டேன் தம்பி" என்றார். கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கோட்டு இல்லாமல் அன்றுதான் பார்த்தேன், சின்ன மனிதர். "அமைச்சர் பேச்ச மரியாதையோட வாசிச்சேன். நான் சிரிப்பு காட்டறவன் இல்ல. சிரிப்பு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஆறு வருடமாக நான் மனசுக்குள் வைத்திருந்த விமர்சனத்தை அவரே எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார். கோபம்கூட வரவில்லை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். பேனா மூடியைத் திருகத் திருக அது மாட்டவேயில்லை.

விசாரணைக்குப் போனபோது மனைவியும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். வராதே என்றேன். "வீட்ல உக்காந்து கதவையே பாத்துட்டிருக்கச் சொல்றீங்களா?" என்றாள். மூன்றாவது மாடியில் கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி மரியாதையானவர். எனக்குப் பயம் வந்தது அதனால்தான். கத்துகிற ஆளிடம் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "டீ சொல்லவா? சக்கரை போடலாமா?" என்கிறவரிடம் என்ன செய்வது? ஓரத்தில் ஒரு தட்டச்சுக்காரர் விரல்களை விசைகள்மேல் வைத்துத் தயாராக இருந்தார்.

"நானும் அத நாலு தடவ கேட்டேன்" என்றார் அதிகாரி. "ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல. அமைச்சர் அவையில சொன்னப்ப யாரும் சிரிக்கல. பேப்பர்ல வந்தப்பவும் யாரும் சிரிக்கல. நீங்க வச்ச எடத்துலதான் சிரிப்பு வருது. அப்ப கேலி பண்ணது யாரு?"

நான் தட்டச்சுக்காரரின் விரல்களைப் பார்த்தேன்.

"உங்களுக்கு அது சிரிப்பா இருந்துச்சா? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

இருந்தது என்றால் அமைச்சரைப் பார்த்துச் சிரித்தவன். இல்லை என்றால், இல்லாத சிரிப்பை இருப்பதாகக் காட்டி நாட்டை ஏமாற்றியவன். ஆறு வருடத்தில் முதன்முறையாக ஒன்று சிரிப்பாக இருந்தது, அதைச் சொல்ல வாய்தான் இல்லை.

"நான் மாசச் சம்பளக்காரன் சார். அவர் மூச்சு விடற எடத்துல சிரிப்பு வைப்பேன். முற்றுப்புள்ளி மாதிரி."

"முற்றுப்புள்ளி பதினோரு விநாடியா?"

தட்டச்சு இயந்திரம் இதையும் அடித்தது.

"அது... தட்டுல இருக்கற சிரிப்பு சார். வெலைக்கு வாங்கினது. யாருன்னே தெரியாது."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அதே தட்டு. "நாப்பது நிமிஷத்தையும் கேட்டுட்டேன். வீட்ல வச்சு, ரெண்டு நாள். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எங்க வீட்டம்மா அவங்க தம்பிய வரவழைச்சுட்டா." அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "இதுல அது இல்ல."

பிறகு பதிவை ஓடவிட்டார். அறை நிறைய என் மனைவி சிரித்தாள். மூச்சு, பாத்திரங்கள், விக்கல். கதவு சாத்தியிருந்தாலும் அடியில் விரல்கடை இடைவெளி. பெஞ்சு கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

"பொம்பள சிரிப்பு" என்றார். "உங்க வீட்டம்மா வெளிய உக்காந்திருக்காங்கன்னு சொன்னாங்க. அரசு ஊழியராமே. கூப்பிட்டு, இது யாரா இருக்கும்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமா?"

அவர் கை மணியை நோக்கிப் போனது.

"நான்தான் சார்" என்றேன்.

கை நின்றது. "என்ன நீங்க?"

"அந்தச் சிரிப்பு. நானே சிரிச்சுப் பதிவு பண்ணேன். தட்டுல நல்லதா ஒண்ணும் இல்ல, அதான்."

அவர் என் மீசையைப் பார்த்தார். தட்டச்சுக்காரரும் பார்த்தார்.

"சிரிச்சுக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கேட்பதுதான் என் தொழில். அந்தப் பதினொரு விநாடியை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்! வேலை சரியாகப் போகாத நாளில் ரகசியமாகப் போட்டுக் கேட்பேன். கண்ணை மூடினேன். மூச்சை உள்ளே இழுத்தேன். பாத்திரங்களை உருட்டினேன். இந்த வயதில், இந்தத் தொண்டையில், என் மனைவி சிரித்தாள். விக்கலுக்குக் கஷ்டப்படவே இல்லை. பயத்தில் அது தானாக வந்தது.

கண்ணைத் திறந்தபோது தட்டச்சுக்காரர் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "சார், இத எப்படி அடிக்கறது?"

"சிரித்துக் காட்டினார்னு அடிங்க." அதிகாரி என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ" என்றார், ஒரு பதிவுக்கருவியை என் பக்கம் நகர்த்தியபடி.

இன்னொரு தடவை சிரித்தேன். பதிவுக்கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. 'மேற்படி சிரிப்பு என்னுடையதே, வேறு எவருடையதும் அன்று' என்று தாளில் வந்தது. கையெழுத்துப் போட்டேன். மறுஉத்தரவு வரும்வரை திங்கட்கிழமைதோறும் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள்.

எழுந்தபோது அதிகாரி அதே மரியாதையோடு சொன்னார்: "ஒரு விஷயம். இதே சிரிப்பு வேற யார்கிட்டயாவது கேட்டுச்சுன்னா, நீங்க குடுத்தது பொய் வாக்குமூலம் ஆயிடும். அப்ப ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

வெளியே அவள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தெருவுக்கு வந்து, நாலு கடை தாண்டியபிறகுதான் கேட்டாள்.

"நான் அப்படியா சிரிக்கிறேன்?"

"இன்னும் நல்லா சிரிப்ப."

"இனிமே கூடாது, இல்ல?"

நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டேன். அதில் என்ன இருந்ததோ, கனத்தது. பிற்பாடு பார்த்தேன்: எனக்கு இரண்டு மாற்றுச் சட்டை, பல்பொடி, துண்டு.

நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கோட்டு இப்போது வேறொரு தொலைக்காட்சியில் காலை நேரத்தில் மூட்டுவலி பற்றிப் பேசுகிறார். அங்கே அவரைப் பார்த்து மக்கள் நிஜமாகவே சிரிக்கிறார்களாம். நான் விளம்பரங்களுக்கு மழைச் சத்தம் வைக்கிறேன். மழையை யாரும் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை, இதுவரை.

திங்கள்தோறும் கையெழுத்துப் போடுகிறேன். அதிகாரி ஒவ்வொரு தடவையும், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கிறார். "சௌக்கியம் சார்" என்கிறேன். "சத்தமே இல்ல போலிருக்கே" என்றார் போன வாரம். அதற்கு என்ன அர்த்தம் என்று ஏழு நாளாக இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நேற்றுச் சாயங்காலம் வந்தவள் கைகால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இன்னிக்கு ஆபீஸ்ல வந்துருச்சுங்க" என்றாள்.

"என்னது?"

"சிரிப்பு. ஒருத்தர் கவுண்டருக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து சீட்டு அக்கா என் மூஞ்சியவே பாக்கறாங்க. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். ரெண்டு குழாயையும் தெறந்து விட்டுட்டு... தண்ணி சத்தத்துல வெளிய கேட்டிருக்காதுல்ல? நீங்கதான் சத்தம் தெரிஞ்ச ஆளாச்சே, சொல்லுங்க. கேட்டிருக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். குழாயின் இரைச்சல், சுவரில் பதித்த ஓடு, கதவின் கனம், விக்கலின் உயரம். கேட்டிருக்கும் என்று என் தொழில் சொன்னது.

"கேட்டிருக்காது" என்றேன். "அவர் என்னதான் கேட்டார்?"

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். உதட்டோரம் துடித்தது. சட்டென்று மூடிக்கொண்டு ஜன்னலைக் காட்டினாள். நான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.

"இப்ப சொல்லு."

"கதவும்" என்றாள்.