எழுபதில் விரித்த கவராயம்

பனிக்கட்டி கப்பலை நெரித்து விழுங்கியபோது தப்பியது நானும் என் தம்பி எய்லர்ட்டும்தான். அவனுக்குக் கால் முறிந்திருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு நாள் ரொட்டி, ஒரு சறுக்குவண்டி, கேப்டனின் வரைபடம், அதில் தூரம் அளக்கும் என் கவராயம். மிஞ்சியது அவ்வளவுதான்.

நான் திரோம்ஸோ மீனவன். எங்கள் கடலில் கவராயத்தைப் பத்து மைலுக்கு விரித்துத் திருகாணியை இறுக்கிவிட்டால் வருஷம் முழுக்கத் தொடமாட்டோம். தொடுகிறவனைக் கத்துக்குட்டி என்று கிண்டல் செய்வோம்.

கப்பல் நின்ற இடமென்று கேப்டன் அன்று காலை வரைபடத்தில் போட்ட புள்ளியிலிருந்து கரையில் சீவர்ட்டின் வேட்டைக் குடிசை வரைக்கும் அளந்தேன். கவராயம் ஆறு எட்டு வைத்தது. எட்டுக்குப் பத்தாக அறுபது மைல். தம்பியை வண்டியில் வைத்து இழுத்தால் நாளுக்கு ஐந்து மைல்தான் போகும், பன்னிரண்டு நாள். தனியாக நடந்தால் ஆறு.

"இன்னொரு தடவை அளந்து பாருண்ணே."

"எனக்கே அளக்கச் சொல்லித் தர்றியா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அளந்தேன். அறுபதுதான்.

"அப்ப நீ கெளம்பு. என்னை இழுத்தா ரெண்டு பேரும் சாவோம். நாய்வண்டியோட வா, நான் எங்க ஓடிடப்போறேன்?" என்று சிரித்தான் பாவி.

ரொட்டியில் சரிபாதியை அவனிடம் வைத்துவிட்டு நடந்தேன். மூன்றாம் நாளே குடிசைப் புகை தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உள்ளே போனதும் வரைபடத்தையும் கவராயத்தையும் சீவர்ட்டின் முன் வைத்து, அளந்த விதத்தைச் சொன்னேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எங்கப்பா விரிச்ச?"

"ஊர்ல."

"உன் ஊரு வடக்கே எழுபது டிகிரில இருக்கு. இது எண்பது. பூமி உருண்டைய்யா. உன் ரோமத்தொப்பியைக் கிழிச்சு ஒரு பலகைல சதுரமா அடிச்சுப் பாரு, உச்சியையும் விளிம்பு அகலத்துக்கு இழுத்து இழுத்துத்தான் விரிக்கணும். தாளும் அப்படித்தான். மேல போகப்போக எடத்தையெல்லாம் இழுத்துப் பெருசாக் காட்டும். நிக்கிற எடத்துக்கு நேரா, தாளோட ஓரத்துல இருக்கற அளவைப் பாத்து விரிக்கணும். ஊர்ல பத்து மைலுன்னு விரிச்சது இங்க அஞ்சுதான். நீ வந்தது முப்பது மைலு."

முப்பது. அவனை இழுத்து வந்திருந்தால் ஆறு நாள். ஆறு நாளைக்கு ரொட்டி இருந்தது.

உடனே நாய்களைப் பூட்டிக்கொண்டு போனோம். வழியிலேயே தெற்குக் காற்று எழுந்து, முன்னால் கடல்மேல் கிடந்த பனியை உடைக்கத் தொடங்கியது. அவனை விட்டு வந்த இடத்தில் பனியே இல்லை. வெறும் கடல், கரும்பச்சையாக.

இன்னொரு தடவை அளக்கச் சொன்னான். அளந்தேனே, அதே கவராயத்தால்.