முந்நூறு இரவுக் காவல்

சாவில்லாமல் இருப்பதற்கு விலை முந்நூறு இரவுகள். அந்த விலையைச் செலுத்திக்கொண்டிருந்த வீரய்யாவின் தாடையை, வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி சண்முகவடிவு. முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"இறுக்கிக் கட்டுங்க மதினி. வாய் தொறந்துக்கும்" என்றார் நல்லமுத்து. வீரய்யாவின் சித்தப்பா மகன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், சந்தா வாங்கிச் சாவுச் செலவைப் பார்க்கும் மரணாதாரச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றதிலேயே, தம்பியாக வரவில்லை, செயலாளராகத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

விலை சொன்னது ஹட்டன் டவுனில் ஒரு கடை மாடியில் கூடுகிற விண்ணுறவுச் சபை. மனிதரைச் செய்தவர்கள் நட்சத்திரத்தில் இருக்கிறார்களாம். ஒருநாள் கப்பலில் வந்து இறங்கி, மலையுச்சியில் முந்நூறு இரவு காவல் நின்றவர்களை உயிரோடு ஏற்றிக்கொண்டு போவார்களாம். ரொக்கம் கேட்டிருந்தால், கத்தரிக்காய்க்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிற வீரய்யா பாதி விலைக்குக் கேட்டிருப்பார். அவர்கள் இரவைக் கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வாச்சராக இருந்து ஓய்வுபெற்ற மனிதரிடம் வேறென்ன கையிருப்பு? டார்ச்சையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. போன வருடச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "சாகாத ஆளுக்கு எதுக்குங்க மரணாதாரம்?" என்று சங்கப் புத்தகத்திலிருந்து தன் வீட்டுப் பெயரையே வெட்டச் சொன்னார். லயமே சிரித்தது. பெயரும் வெட்டுப்பட்டது.

"பேரில்லாத வீட்டுக்குக் குழி வெட்ட ஆள் அனுப்ப ஏலாது மதினி. பெட்டியும் இல்ல." நல்லமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சட்டத்த எழுதுனதே அண்ணந்தான்."

"அப்ப வீட்டுலயே வச்சுக்கவா?"

தகரத்தில் மழை கொட்டியது.

சண்முகவடிவின் முந்தானை முடிச்சில் சாவி இன்னும் இருந்தது. போன வாரம் நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால், "கூரைக்குக் கீழ படுத்தா கணக்கு வராதுடி" என்றார். அதனால்தான் நான்கு நாளும் பொழுது சாயும் முன்பே கதவைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாள். கதவோரம் கம்பளியோடு உட்கார்ந்து கெஞ்சினார்.

"இன்னிக்கு ஒருநா வடிவு. சாவியக் குடு."

"ஒங்களுக்கு மட்டும் சீட்டப் போட்டுக்கிட்டு, என்னைய இங்க கொழுந்து பறிக்க விட்டுட்டுப் போவீங்க. அதுக்கு நான் கதவு வேற தொறந்து விடணுமா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் முந்திக்கொண்டது. ஐந்தாம் நாள் விடியலில் அந்த இருமலும் நின்றது.

வாசலில் குடை மடக்கும் சத்தம். சபைப் பொடியன் பிரதாப், முழங்கால்வரை சேறு.

"வாங்க தம்பி" என்றார் நல்லமுத்து. "கப்பல் லேட்டோ?"

பிரதாப் அதைக் காதில் வாங்கவில்லை. கால்மாட்டில் நின்று அழுதான். ஏமாற்றுக்காரனாக இருந்தால் அவனைத் திட்டியாவது தீர்த்திருப்பாள். அவனும் குளிரில் நின்று நின்று உதடு வெடித்தவன்.

"டெய்லி காலையில போன் பண்ணுவாரும்மா. 'காவல் முடிஞ்சது, எல்லாம் சரி'ன்னுவாரு. நாலு நாளா வரல, அதான்..." பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினான்.

"இவரு எடத்த இனி யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஐயாவுக்கு எடம் இன்னும் வரலயேம்மா. காவல யாருக்காகவும் நிக்கலாம். மொதல்ல ஒங்களோடதத்தான் முடிச்சாரு. ரெண்டும் முடிஞ்ச பொறகு சொல்லலாமுன்னாரு. இப்பவே சொன்னா ஏசுவீங்களாம்."

சண்முகவடிவு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"என்னோடத அவருக்கு மாத்தி எழுதுங்க."

"அம்மா..."

"நான் எங்கயும் போகல. எனக்கு எடம் வேணாம். அவரு பேருல எழுதுங்க தம்பி."

"செத்தவங்களுக்கு எழுத ஏலாதும்மா. சபைச் சட்டம்."

அவள் பிரதாப்பைப் பார்த்தாள். பிறகு நல்லமுத்துவைப் பார்த்தாள். "ஒங்களுக்கு ஒரு சட்டம். இவங்களுக்கு ஒரு சட்டம். இந்த மனுசன் எங்க போவாரு?"

நல்லமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு முதல்தடவையாக உள்ளே வந்தார்.

"மண்வெட்டி எங்க மதினி? சங்கம் வரல. நான் போறேன்."

"நானும் வாறேன்" என்றான் பிரதாப்.

"வெட்டத் தெரியுமா ஒனக்கு? மேல பாத்துக்கிட்டே வெட்டாத, காலுல போட்டுக்குவ."

இருவரும் ஒரே குடையில் இறங்கிப் போனார்கள்.

அவள் அட்டைகளை மடியில் வைத்து விரித்தாள். கட்டம் கட்டமாகக் கோடு. நிரம்பிய கட்டங்களில் தேதி, கீழே பிரதாப்பின் எழுத்தில் 'சரி' அல்லது 'வரவில்லை.' அவள் பெயரிட்ட அட்டையில் ஒரு கட்டமும் காலியாக இல்லை. விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள். முந்நூறு.

மற்றதையும் எண்ணினாள்.

வீரய்யா: சரி, முப்பத்தெட்டு. வரவில்லை, நான்கு. பாக்கி, இருநூற்று அறுபத்திரண்டு.