ஹஸன் பாய் பேருக்கு ஓர் உம்ரா

பட்டறை சூப்பர்வைசர் நயீம் அகமது லீவே போடாத ஆள். இதை முதலாளியம்மா வஹீதா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் எத்தனையோ உண்டு. சூப்பர்வைசர் காய்ச்சலோடு வந்து பூட்டைத் திறந்தான், சொந்தத் தங்கை கல்யாணத்தன்றுகூடக் காலையில் வந்து சரக்கு இறக்கிவிட்டுப் போனான் என்று வேறு எந்த முதலாளியாவது சொல்ல முடியுமா? சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிடும். லீவே போடாதவனைக் கண்டால் நெகிழக் கூடாது, அந்த நாற்காலியில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் இவனுக்கு என்ன கஷ்டம் என்று யோசிக்க வேண்டும். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. சொல்ல வந்த ஒருத்தனையும் திருடன் என்று பட்டம் கட்டித் துரத்திவிட்டிருந்தார்கள்.

அவன் பச்சையப்பன், பட்டறையில் தோல் வெட்டுகிறவன். பெரிய கம்பெனி தோலை அளந்து கொடுக்கும். பட்டறை அதை வெட்டித் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி மட்டும்தான் பட்டறைக்கு. கொடுத்த தோலுக்குச் சரக்கு குறைந்தால் அந்தக் கூலியிலும் பிடித்துக்கொள்வார்கள். மாதம் தவறாமல் பிடித்தார்கள். அப்போது பட்டறையை நடத்திய வஹீதாவின் புருஷன் ஹஸன் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். நயீம் பக்கத்தில் வந்து நின்று, "வெட்டுல வேஸ்ட் ஜாஸ்தி பாய். பச்சையப்பன் கை சரியில்ல" என்பான்.

பச்சையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "துண்டுத் தோல் மூட்டைய ஒரு தரம் கீழ கொட்டிப் பாருங்க பாய். அப்புறம் என் கையச் சொல்லுங்க" என்றான். எத்தனை சின்ன வேலை! மூட்டையைக் கவிழ்த்தால் முடிந்தது. ஹஸன் பாய் செய்யவில்லை. வெட்டியது போக மிஞ்சிய துண்டுத் தோலை மூட்டை கட்டுவதும், எடை போடுவதும், விற்றுக் காசு வாங்குவதும் நயீம்தான். வெள்ளிக்கிழமை தோளோடு தோள் நின்று தொழுகிறவன், ரமலானில் ஒரே தட்டில் கை வைத்து நோன்பு திறக்கிறவன். அவன் கட்டிய மூட்டையை அவன் கண்ணெதிரில் கொட்டிப் பார்ப்பதா? அதைவிட அசிங்கம் உண்டா? அவருக்கு அப்படித்தான் தோன்றியது. நல்ல மனுஷன், அதனால்தான் ஏமாந்தார். கடைசியில் தோலைத் திருடுவதே பச்சையப்பன்தான் என்று நயீம் சொல்ல, அவனைத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

ஹஸன் பாய்க்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மக்காவுக்குப் போய், சின்ன ஹஜ் என்கிற உம்ரா ஒன்று செய்துவிட வேண்டும். பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தார். வருஷா வருஷம் பயண ஏஜென்டிடம் விசாரிப்பார், வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் டைட்டா இருக்கு வஹீதா, அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். போன வருஷம் நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரும்போது அவர் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

இறந்தவர் பேருக்கு இன்னொருவர் போய் உம்ரா செய்யலாம். போகிறவர் முதலில் தனக்கென்று ஒன்று முடித்துவிட்டு, மறுபடியும் வெள்ளைத் துணி கட்டி, இறந்தவர் பேரைச் சொல்லி இன்னொன்று செய்வார். வஹீதாவுக்கு முழங்கால் வலி, நாலு படி ஏறினாலே உயிர் போகிறது. தன் வளையல்களை விற்று, பணத்தைக் கொண்டுவந்து நயீம் முன்னால் வைத்தாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு எதுக்கு பாபி? வேற யாரயாச்சும் அனுப்புங்க."

அண்ணி முறை வைத்து அவளை பாபி என்றுதான் கூப்பிடுவான்.

"உன்ன விட்டா அவருக்கு யாரு இருக்காங்க நயீம்?"

"பட்டறைய யாரு பாத்துக்குவா? வேணாம் பாபி, நான் அதுக்கெல்லாம் லாயக்கில்ல."

லாயக்கில்லை என்று அவன் சொன்னது சத்தியம். அவன் வாயிலிருந்து வந்த உண்மையே அது ஒன்றுதான், வஹீதா அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே அவன் கையில் பணத்தைத் திணித்தாள். கிளம்புகிற அன்று வேனில் ஏறியவன் இறங்கி வந்து, "துண்டு மூட்டைய யாரும் தொட வேணாம் பாபி, நான் வந்து எடை போட்டுக்கறேன்" என்றான். பொறுப்பு என்றால் இதுவல்லவா பொறுப்பு என்று பூரித்துப்போனாள்.

மக்காவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். தையல் மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டுப் பெண்கள் போனைச் சுற்றி நின்றார்கள். உம்ரா முடித்து மழித்த மொட்டைத் தலையோடு நயீம் தேம்பித் தேம்பி அழுதான். "இன்னிக்கு என்னுது முடிஞ்சிது பாபி. நாளைக்கு பாய் பேருக்கு."

வஹீதா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இங்கே மூட்டைகள் நடைவழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. மழை வேறு பிடித்துக்கொண்டது, தோல் ஊறி நாற்றம் எடுத்தது. தையல்கார எழிலரசி தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். "இன்னாம்மா இது பேஜாரு! இத வாங்கிக்கினு போறவரு எங்க ஊர்க்காரர்தான், கூப்பிடட்டுமா?" என்றாள். வஹீதா சரி என்றாள்.

பேரணாம்பட்டிலிருந்து பிரேம்குமார் மினி லாரியோடு வந்தான். மூட்டைகளைத் தராசில் மாட்டி எடை போட்டு ஏற்றினான். ஏற்றி முடித்தும் போகாமல் நின்றான்.

"அந்தச் செவப்புக் கயிறு போட்டதைக் காணமேம்மா?"

"எந்தச் செவப்புக் கயிறு?"

"நல்ல தோலு மூட்டைம்மா. எப்பவும் ஒண்ணு தனியா இருக்குமே." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பில்லு இல்லாத சரக்கு, எனக்குத் தெரியும்மா. நான் வெளிய மூச்சு விட மாட்டேன். பாய்க்கும் தெரிஞ்சுதானே, அவரு காலத்துலர்ந்து எடுக்கறேன்."

ஸ்டோர் ரூம் மூலையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அந்த மூட்டை இருந்தது. எழிலரசி இழுத்து வந்து கவிழ்த்தாள். மேலாக நாலு கை துண்டுத் தோல் விழுந்தது. அதற்கடியில் முழுத் தோல்கள், கருப்பு, பளபளவென்று, கத்தியே படாமல் நாலாக மடித்து அடுக்கினபடி.

"யாரு சொன்னா பாய்க்குத் தெரியும்னு?" என்றாள் வஹீதா.

பிரேம்குமாருக்கு இப்போதுதான் உறைத்தது. "நயீம் பாய்தாம்மா. முதலாளி வீட்டுச் செலவுக்குன்னு சொல்லித்தான் காசு வாங்குவாரு. திருட்டுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

வஹீதா அந்தத் தோல்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டைட்டு, டைட்டு என்று அவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. எந்த மூட்டையில் போனது அவருடைய உம்ரா? அடப்பாவி, அவரோட ஒரே தட்டுல கை வெச்சுச் சோறு தின்னவன்தானே நீ!

மறுநாளே பூட்டை மாற்றினாள். எந்த மூட்டையானாலும் எல்லார் முன்னாலும் கொட்டிவிட்டுத்தான் கட்ட வேண்டும், கட்டுகிறவர் எடை போடக் கூடாது, எடை போடுகிறவர் காசு வாங்கக் கூடாது, வருஷத்தில் ஒரு வாரம் எல்லாரும் லீவு எடுத்தே ஆக வேண்டும் என்றாள். எல்லாம் சரிதான், செய்ய வேண்டிய காலத்தில் செய்திருந்தால். பச்சையப்பனைத் தேடி வேலூர்ப் பாகாயத்துக்குப் போனாள். அங்கே ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருந்தான்.

"இப்பக் கொட்டிப் பாத்தீங்களா?" என்று சிரித்தான். "திருடன்னு சொன்னப்புறம் ஆம்பூர்ல ஒருத்தன் என் கையில கத்தி குடுக்கலம்மா. என் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போச்சு. நீங்க போய்ட்டு வாங்க."

உட்காரச் சொல்லக்கூட இல்லை. வஹீதாவுக்கு அது சரி என்றுதான் பட்டது.

பட்டறையில் எல்லாரும் போலீசுக்குப் போ என்றார்கள். அவள் நயீம் வரட்டும், அதுவரை வெளியே சொல்லாதீர்கள் என்றாள். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். போனது போகட்டும். திருடனே செய்திருந்தாலும், ஹஸன் பேரைச் சொல்லிச் செய்தது ஹஸனுக்குத்தானே சேரும்? அது ஒன்று முடிந்திருந்தால் போதும், போலீஸ் வேண்டாம், தொலைந்து போ என்று விட்டுவிடலாம்.

அவன் வருகிற அன்று தெருவே அவன் வீட்டு வாசலில் நின்றது. உம்ரா முடித்து வருகிறவர் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் இறைவனிடம் கேட்கிற துஆ பலிக்கும் என்று நம்பிக்கை. ஆனால் வேன் அங்கே நிற்காமல் பட்டறை முன்னால் வந்து நின்றது, கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"பாத்தீங்களா, மொதல்ல பட்டறைக்குத்தான் வர்றான்" என்று ஊர் மெச்சியது. எதற்காக வருகிறான் என்று வஹீதாவுக்குத் தெரியும்.

மக்காவின் புனிதக் கிணற்று ஜம்ஜம் தண்ணீர் கேனோடு உள்ளே வந்தவன் முதலில் நடைவழியைப் பார்த்தான். காலி. அப்புறம் மேஜையைப் பார்த்தான். கருப்புத் தோல்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் சிவப்புக் கயிறு. வஹீதா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தினி வருஷமா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "தங்கச்சி கல்யாணத்துக்குன்னுதான் மொதல்ல எடுத்தேன் பாபி. திருப்பிக் குடுத்துடலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் பழகிப் போச்சு."

"பழகிப் போச்சா? அவரு டைட்டு டைட்டுன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரு. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்த."

"தோல் காச எப்படியாச்சும் கட்டிடறேன் பாபி."

"தோல விடு." அவள் சிவப்புக் கயிற்றைத் தள்ளி வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவரு பேருக்கு முடிச்சியா?"

நயீம் ஜம்ஜம் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வாயத் திறந்து சொல்லுடா."

"துணி கட்டினேன் பாபி. யார் பேருக்குன்னு நிய்யத்து வெக்கும்போது பாய் பேர எடுக்க நாக்கு வரல. என் பாவம் ஒரு உம்ராவுல போகுமான்னு பயமா இருந்திச்சு." அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "ரெண்டாவதும் எனக்கே செஞ்சிக்கிட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம், முடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். திருந்திவிட்டான் போலிருக்கிறது. அவள் வளையல் காசில், அவள் புருஷன் பங்கையும் எடுத்துக்கொண்டு திருந்தி வந்திருக்கிறான்.

வஹீதா கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹயாத் பாஷா ரோஜா மாலையோடு முன்னால் நின்றார். "மாஷா அல்லாஹ்! ஹஸன் பேருக்கு நல்லபடியா முடிஞ்சிதாம்மா?"

"இல்ல பாய்சாப்" என்றாள் வஹீதா, தெருவுக்கே கேட்கும்படி. "அதையும் திருடிட்டான்."

ஹயாத் பாஷா மாலையைக் கீழே இறக்கினார். எழிலரசியைக் கூப்பிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓர் ஆட்டோ சொல்லச் சொன்னாள் வஹீதா.