திருப்பிப் பார்த்த படம்

ஸ்கேன் எடுக்கும் டோரீன் என் வயிற்றில் தடவிய பசை சில்லென்று இருந்தது. ஸ்கேன் திரையில் குழந்தையின் இதயம் இடப்பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. இரைப்பை, ஒரு கறுப்புக் குமிழ், வலப்பக்கம் இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

"உதைக்கிறதப் பாரு, இப்பவே ஹாக்கிக்குத் தயார்," என்றான் லோர்ன். என் கணவன். கனடாவில், இந்த சாஸ்கட்டூன் நகரத் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.

உடம்பில் இடது வலது எப்படி உண்டாகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கரு அரிசி மணியளவுகூட இல்லாதபோது அதன் நடுவே ஒரு குழி இருக்கும். அதிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சுழன்று நீரை இடப்புறமாகத் தள்ளும். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு புரதம் சுரந்து, இதுதான் இடது என்று அறிவிக்கும். அதைக் கேட்டுத்தான் இதயமும் இரைப்பையும் ஈரலும் தங்கள் பக்கம் போகும். அறிவிப்பு வராவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்குக்குப் போகும். மயிரிழை சுழலாத எலிகளை வருஷக்கணக்காக வளர்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் அவற்றுக்குத் தறுதலைகள் என்று பெயர், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உறுப்புகள் இப்படி ஆளுக்கொரு பக்கம் போன குட்டிகள் பெரும்பாலும் பால் குடிக்கும் முன்பே செத்துவிடும்.

எங்களிடம் விசித்திரமான படம் வந்தால் யாரும் உடனே நம்பமாட்டோம். கருவைத் தகட்டில் கவிழ்த்து வைத்திருந்தால் இடது வலதாகத் தெரியும். "திருப்பிப் பாரு," என்பார் எங்கள் ஆய்வகத் தலைவர். பாதி அதிசயங்கள் அதோடு ஒழிந்துபோகும்.

"திருப்பிப் பாருங்க," என்றேன்.

"குழந்தை எப்படிப் படுத்திருக்குன்னு பாத்துட்டுத்தான் வச்சிருக்கேன், மாரிட்."

"பரவால்ல. ஒரே ஒரு தடவ."

டோரீன் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். படம் புரண்டது. இரைப்பை இடப்பக்கம் வந்துவிட்டது. ஒரு மூச்சு நேரம் உடம்பே லேசாகிவிட்டது எனக்கு.

"இப்ப சரியாயிடுச்சா?" என்றான் லோர்ன்.

உடம்புக்குள் எல்லா உறுப்பும் சேர்ந்து புரண்டிருந்தால் கவலையில்லை, கண்ணாடியில் தெரிகிற ஆள் மாதிரி நூறு வயசுகூட வாழலாம். ஒன்று மட்டும் மாறியிருப்பதுதான் கேடு. படத்தை எத்தனை தடவை புரட்டினாலும் ஒன்று சரியானால் இன்னொன்று தப்பாகும். இதை முதல் வருஷ மாணவர்களுக்கு நான்தான் சொல்லித்தருகிறேன். பயத்தில் அது எனக்கே மறந்துபோனது.

"சொல்லு மாரிட். சரியாயிடுச்சுல்ல?"

டோரீன் பொத்தானை மறுபடி தொடவில்லை. திரையில் இப்போது இதயம் வலப்பக்கம் கிடந்து, அவசர அவசரமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. லோர்ன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.