தள்ளி நின்றால் ஆறு

வெறும் ஸ்ட்ரெச்சரே திரும்பவில்லை. அமரர் ஊர்தி வண்டிக்காரர் அதை மூன்றாம் மாடிப் படிக்கட்டின் வளைவில் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஒரு முனை சுவரில் இடித்தது, மறுமுனை கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. குடிவந்தவர்களின் பீரோக்களும் கட்டில்களும் போட்ட கீறல்கள் அந்தச் சுவரில் ஏற்கெனவே நிறைய இருந்தன. இப்போது இன்னொன்று சேர்ந்தது.

"இது ஆகாதும்மா," என்றார். "லிப்ட்லயும் படுக்க வெச்சு எடுக்க முடியாது. நாற்காலில உட்கார வெச்சு, துணியால கட்டி எறக்கிடலாம். இந்த மாதிரி வீடுங்கள்ல அப்படித்தான் செய்யறோம். மரியாதைக்கு ஒரு குறையும் வராது."

"நாற்காலி வேண்டாம்," என்றாள் மகள்.

வண்டிக்காரர் நல்ல மனிதர்தான். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருப்பார், எல்லோரும் கடைசியில் சரி என்றிருப்பார்கள். அவளுடைய கணவன்கூட, "வேற வழி இல்லையேம்மா," என்று தோளைத் தொட்டான். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

அப்பாவுக்கு உட்கார்ந்தால்தான் வலி. நோய் முதுகெலும்புக்குள் போனபிறகு, சாய்த்து உட்கார வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். நேற்றுக் காலை மருந்து கொடுக்க அவள் தலையணையை உயர்த்தப் போனபோது, "போதும் கண்ணு. இனிமே என்னை உட்கார வெக்காதே," என்றார். "சரிப்பா," என்றாள். மாலையில் போய்விட்டார். மகளாக அவருக்குக் கடைசியாகக் கொடுத்த வாக்கு அது. ஒருநாள்தான் ஆகிறது, அதற்குள் அவரை நாற்காலியில் கட்டச் சொல்கிறார்கள்.

உள்ளே அத்தை, தன் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அவருடைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் அண்ணன் சாதாரண ஆள் இல்ல. மியூசியத்துல அவருக்கு மூளைன்னுதான் பேரு. சும்மா வெச்சிடுவாங்களா?"

அப்போதுதான் அப்பா வேலை பார்த்த அருங்காட்சியகத்திலிருந்து நான்கு பேர் படியேறி வந்தார்கள். ஓவியங்களைச் சுவரில் மாட்டுவதும் இறக்குவதும் இடம் மாற்றுவதும் அவர்கள் வேலை. முன்னால் வந்தவர் எதற்கெடுத்தாலும் 'மெதுவா, மெதுவா' என்று சொல்லிச் சொல்லி அதையே பெயராகப் பெற்றவர். பின்னால் வந்த உயரமான பெண்ணுக்கு 'ஏணி' என்று பெயர். மற்ற இருவருக்கும் பெயர் வாங்கும் அளவுக்கு இன்னும் வயதாகவில்லை.

மெதுவா அப்பாவின் காலடியில் நின்று கைகூப்பினார். "மூலை போயிட்டாரே," என்றார்.

"ஆமாப்பா, எவ்வளவு பெரிய மூளை!" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"மூளை இல்லம்மா. மூலை. படச் சட்டத்தோட மூலை. படத்தைத் தூக்கினா முதல்ல அடிபடறது அதுதானே. மூலை, மூலைன்னு கத்திக்கிட்டே இருப்பாரு."

அத்தை ஒரு கணம் யோசித்தாள். இத்தனை வருடமாக உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்த பெருமை. "எப்படியோ," என்றாள், "எங்கண்ணனுக்கு ரெண்டும் இருந்துச்சு."

நேற்றிலிருந்து அந்த வீட்டில் முதல்முறையாக யாரோ சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். சிரித்த வாயோடு அழுகையும் வந்துவிட்டது. நாற்காலி விஷயத்தை மெதுவாவிடம் அப்படியே கொட்டினாள்.

அவர் வெளியே போய்ப் படிக்கட்டைப் பார்த்தார். கம்பிக்கு மேலே குனிந்து, தரைவரைக்கும் இறங்கும் நடு வெற்றிடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்து, "ஆறு வந்த வழிதான்," என்றார். ஏணி தலையசைத்தாள்.

'ஆறு' என்றால் என்னவென்று மகளுக்குத் தெரியும். அருங்காட்சியகமாக ஆவதற்கு முன்னால் அந்தக் கட்டடம் உப்புக் கிடங்கு. ஓவிய ஆசிரியர் ஒருவர், அந்த வட்டாரத்தில் யாரும் மதிக்காமல் போட்டிருந்தவற்றையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். படகுகளின் முகப்புப் பலகைகள், கடைக்காரர்கள் எழுதிவாங்கிய விளம்பரப் பலகைகள், பரணில் கிடந்த உருவப்படங்கள். சேர்த்தது போதாதென்று மாடியில் தானே ஆற்றை வரைய ஆரம்பித்தார். வரைந்தார், வரைந்துகொண்டே போனார். முடிந்தபிறகுதான் அது படிக்கட்டு வளைவில் திரும்பாது என்று தெரிந்தது. கரையை மறந்த ஆறு என்று ஊரே கேலி பேசியது. அவர் காலத்துக்குப் பிறகு கூரை ஒழுகியபோது, மூன்றாக வெட்டித்தான் இறக்க வேண்டும் என்றார்கள். அப்பாவும் அப்போதிருந்த இயக்குநரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படிக்கட்டின் நடு வெற்றிடத்தின் வழியே ஆறு முழுசாக இறங்கியது.

அந்த ஓவியத்தின் முன்னால் சிறுவயதில் ஒருமுறை அப்பா அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார். பழுப்புப் பூச்சைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "சேறுப்பா," என்றாள். அவர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், இன்னும் இழுத்தார். திடீரென்று தண்ணீர் ஓடியது. வெளிச்சம் அதன்மேல் ஓடியது. அவள் பயந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "கிட்ட நின்னா சேறு, தள்ளி நின்னா ஆறு," என்று அவர் சிரித்தார். பிற்பாடு, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "தூக்குற வேலை," என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டாள்.

அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். நால்வரும் பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஓவியங்களைத் தொடும்போது போடுகிற அதே கையுறைகள்.

"கண்ணு, முன்னாடி வாம்மா," என்றார் மெதுவா.

செல்லமாகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அவள் ஓரமாக வந்து நின்றாள்.

"அது செல்லப் பேரு இல்லம்மா, வேலை. தூக்குறவங்க கண்ணுக்குத் தூக்குறது தெரியாது. கையில பாரம் இருந்தா பார்வை அதுக்குள்ள போயிடும். அதனால ஒருத்தர் வெறுங்கையோட, எங்களைப் பார்த்தபடி முன்னாடி இறங்கணும். இடிக்கப்போற மூலையைச் சொல்லணும். இத்தனை நாள் உங்கப்பாதான் எங்களுக்குக் கண்ணு."

"எனக்குத் தெரியாதே."

"பதறாத காரியம் சிதறாது. மெதுவா வா. பார்த்தா போதும்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒரு படி இறங்கினாள். கீழே நின்றவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். மேலே நின்றவர்கள் முழங்காலை மடக்கி, ஏறக்குறைய உட்கார்ந்தபடியே இறங்கினார்கள். அப்பா சாயவில்லை. மார்பின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தாலும் தளும்பியிருக்காது. வீட்டுக் கதவுகள் திறந்தன. எட்டிப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

வளைவு வந்தது. நால்வரும் ஒரே மூச்சில் ஸ்ட்ரெச்சரைக் கம்பிக்கு மேலே உயர்த்தினார்கள். தலைப்பக்கம் கம்பியைத் தாண்டி வெற்றிடத்துக்குள் மெல்ல நீண்டது. அப்பாவுக்குக் கீழே மூன்று மாடி ஆழம். மேலே அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் மூடவில்லை. கால்மாட்டு முனை சுவரை நெருங்குவதைப் பார்த்தாள்.

"மூலை!" என்று கத்தினாள். "இடது மூலை!"

அந்தச் சொல் படிக்கட்டு முழுக்க ஒலித்தது. ஏணியின் கை ஒரு விரற்கடை நகர்ந்தது. ஸ்ட்ரெச்சர் காற்றில் சுற்றித் திரும்பி, அடுத்த படிவரிசைக்கு நேராக வந்து நின்றது. சுவரில் ஒரு கீறலும் விழவில்லை. இதையா தூக்குற வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மகள் நினைத்தாள். ஒவ்வொரு வளைவிலும் மூலை என்றாள். ஒவ்வொரு முறையும் அவர் வெட்டவெளியில் நீண்டு, திரும்பி, படுத்தபடியே இறங்கினார்.

கடந்த ஒரு வருடமாக அவரைத் தூக்கியவள் அவள்தான். தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தவள். அவருடைய எலும்புகள் ஒவ்வொன்றும் அவள் கைக்குத் தெரியும். முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

முற்றத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. வண்டிக்கு அருகே ஸ்ட்ரெச்சரை அதன் கால்களில் நிறுத்தினார்கள். நால்வரும் கையுறைகளைக் கழற்றவில்லை. யாரும் சொல்லாமலே, ஒன்றாகப் பின்னால் நகர்ந்தார்கள். ஓர் ஓவியத்தை மாட்டி முடித்ததும் அவர்கள் எப்போதும் செய்வது அது. மகளும் நகர்ந்தாள், முதுகு மதிலைத் தொடும்வரை.

"நேரா இருக்காம்மா?" என்றார் மெதுவா. கண்ணாக நிற்பவரைக் கடைசியாகக் கேட்கும் கேள்வி அதுதான்.

அவள் பார்த்தாள். நெற்றி, மூக்கு, கூரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் மூடிய இமைகள். முகத்தின்மேல் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

"இடது மூலை கொஞ்சம்," என்றாள். போய், போர்வையின் மடங்கியிருந்த ஓரத்தை நீவி விட்டாள். மறுபடியும் மதில்வரைக்கும் பின்னால் வந்தாள்.

"இப்ப நேரா இருக்கு."

வண்டியின் கதவை யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டியவரும் அவர்களோடு பின்னால் நகர்ந்துவந்து, சாவியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.